கில் முதல் ரீநைஸ் வரை: ஓடிக்கொண்டிருக்கும் புரொசஸ்களைக் கட்டுப்படுத்த முழுமையான வழிகாட்டி

திருகோணமலை டவுனில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோக்காரர்கள், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்குக் கடலடி வீடியோ கொப்பி பண்ணிக் கொடுப்பவர்கள், கோணேசபுரி கம்பஸில் படிக்கும் பிள்ளைகள் என்று லினக்ஸ் வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணா, மெஷின் ஸ்டக் ஆகிட்டுது. கில் மைனஸ் நைன் அடிக்கவா?”

வேண்டாம். குறைந்தது முதல் வேலையாக வேண்டாம். அது ஒரு புரொசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை, அந்த இடத்திலேயே கொல்லும் கட்டளை. ஸ்டக் என்று சொல்லப்படுவதில் பாதி உண்மையில் ஸ்டக்கே இல்லை. ஒரு புரொசஸ் சிபியூவையோ டிஸ்கையோ முழுதாகப் பிடித்து வைத்திருக்கும், மற்றவை காத்திருக்கும். அதைக் கொல்லத் தேவையில்லை, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் போதும். மீதியில் பெரும்பகுதிக்கு மரியாதையாக ஒரு சிக்னல், அதாவது புரொசஸுக்கு அனுப்பும் சிறு செய்தி, போதும். ஒன்பதாம் நம்பர் தேவைப்படுவது அதற்கும் பிறகு மிஞ்சும் கொஞ்சத்துக்குத்தான். எந்த வரிசையில் பார்க்க வேண்டும், எந்தக் கருவியை எப்போது எடுக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டேர்மினலில் அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. சிக்னல் பெயர்கள் மட்டும் பெரிய எழுத்து. எழுத்துப் பெரிதாகவோ வேறு மாதிரியோ வரும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். 4821 என்று வரும் இடத்தில் உங்கள் புரொசஸின் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பழகுவதற்கு ஒரு பலியாடு

வாடிக்கையாளரின் ரெண்டர் (எடிட் செய்த வீடியோவை இறுதிக் கோப்பாக்கும் வேலை) ஓடும் மெஷினில் பழகாதீர்கள். சும்மா சிபியூவைத் தின்னும் ஒரு புரொசஸை நீங்களே உருவாக்கலாம்:

யெஸ் > /டெவ்/நல் &

“யெஸ்” கட்டளை ஒய் என்ற எழுத்தை ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். அது போய் விழும் இடம் வெறுமை. கடைசியில் உள்ள & குறி அதைப் பின்னணியில் ஓட விடும். உடனே திரையில் சதுர அடைப்புக்குள் ஒரு சிறிய எண்ணும், பக்கத்தில் இன்னொரு எண்ணும் வரும். பக்கத்தில் இருப்பதுதான் பிஐடி, அதாவது புரொசஸின் அடையாள எண். சிபியூவைத் தின்னாத, சாதுவான ஒன்று வேண்டுமென்றால் “ஸ்லீப் 1000 &”. இரண்டையும் வைத்துக்கொண்டு கீழே உள்ள எல்லாவற்றையும் அடித்துப் பார்க்கலாம்.

யார் என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்

பிஎஸ் ஆக்ஸ் என்பது எல்லாருக்கும் தெரிந்தது (ஆக்ஸ் என்பது ஏ, யூ, எக்ஸ் என்ற மூன்று எழுத்து, முன்னால் கோடு இல்லை). எனக்குப் பிடித்தது தேவையான பத்திகளை மட்டும் கேட்கும் இந்த வடிவம்:

பிஎஸ் -இஓ பிஐடி,பிபிஐடி,பிஜிஐடி,யூசர்,என்ஐ,ஸ்டாட்,பிசிபியூ,ஆர்க்ஸ் --சோர்ட்=-பிசிபியூ | ஹெட்

பிபிஐடி தாய் புரொசஸின் எண், பிஜிஐடி அது சேர்ந்த குழுவின் எண், என்ஐ நைஸ் மதிப்பு (முன்னுரிமையைச் சொல்லும் எண்), ஸ்டாட் தற்போதைய நிலை. இவை எல்லாமே பின்னால் தேவைப்படும்.

பிஎஸ் காட்டும் சிபியூ சதவீதம் இந்த நொடியின் கணக்கு இல்லை. அந்தப் புரொசஸ் பிறந்ததிலிருந்து இன்றுவரையான சராசரி. காலையிலிருந்து சும்மா கிடந்துவிட்டு இப்போதுதான் ஆடத் தொடங்கிய புரொசஸ் அதில் இரண்டு சதவீதம் என்று அப்பாவியாக நிற்கும். இப்போது யார் தின்கிறார்கள் என்று பார்க்க டொப் அல்லது எச்டொப்தான் சரி. டொப்பில் பெரிய எழுத்து பி அடித்தால் சிபியூ வரிசை, பெரிய எழுத்து எம் அடித்தால் மெமரி வரிசை. 380 சதவீதம் என்று கண்டால் பதற வேண்டாம். நான்கு கோர் மெஷினில் ஒரு புரொசஸ் ஏறக்குறைய நான்கையும் பயன்படுத்துகிறது என்று அர்த்தம்.

பெயர் தெரிந்தால் பிகிரெப்:

பிகிரெப் -ஏ எஃப்எஃப்எம்பெக்

இது எண்ணோடு முழுக் கட்டளை வரியையும் காட்டும். வீடியோவை மாற்றும் புரோகிராமான எஃப்எஃப்எம்பெக் மூன்று ஓடினால் எது எந்த வீடியோவுக்கு என்று கோப்புப் பெயரைப் பார்த்தே பிரித்துவிடலாம்.

ஸ்டாட் பத்தியை வாசிப்பது

ஏ.எல். ஐசிடி படித்தவர்கள் புரொசஸ் நிலைகளின் படத்தை வரைந்து மார்க்ஸ் வாங்கியிருப்பார்கள். அந்தப் படம் இந்தப் பத்தியில் ஒரே எழுத்தாக வந்து நிற்கிறது.

ஆர் என்றால் ஓடுகிறது, அல்லது ஓட முறை காத்திருக்கிறது. எஸ் என்றால் ஏதோ ஒரு நிகழ்வுக்காகத் தூங்குகிறது. மெஷினில் உள்ளவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். டி ஃபோர் டோக் என்று சொல்லும் அந்த டி, இடையூறு செய்ய முடியாத தூக்கம். பொதுவாக டிஸ்க்கிடமோ நெட்வொர்க் ஸ்டோரேஜிடமோ பதில் எதிர்பார்த்துக் கிடக்கும். டி ஃபோர் டைகர் நிறுத்தி வைக்கப்பட்டது. இசட் ஸோம்பி. பக்கத்தில் என் வந்தால் நைஸ் மதிப்பு கூட்டப்பட்டது, அதாவது முன்னுரிமை குறைந்தது. < வந்தால் முன்னுரிமை கூடியது.

இந்த ஒரு எழுத்தைப் பார்த்த பிறகுதான் மருந்து. ஆர் நிலையில் மெஷினை மெதுவாக்கினால் ரீநைஸ், அதாவது முன்னுரிமையை மாற்றுவது. எஸ் நிலையில் பதில் சொல்லாமல் கிடந்தால் டேர்ம் சிக்னல். டோக் டி, இசட் இரண்டுக்கும் சிக்னல் அனுப்பிப் பயன் குறைவு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கில் கட்டளை உண்மையில் என்ன செய்கிறது

பெயர்தான் கொலை, வேலை தபால்காரனுடையது. ஒரு புரொசஸிடம் ஒரு சிக்னலைக் கொண்டுபோய்க் கொடுக்கும், அவ்வளவுதான். எந்தச் சிக்னல் என்று சொல்லாவிட்டால் 15, அதாவது டேர்ம்.

கில் 4821

டேர்ம் ஒரு வேண்டுகோள். நன்றாக எழுதப்பட்ட புரோகிராம் அதைப் பிடித்து, திறந்த கோப்புகளை ஒழுங்காக மூடி, தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டுப் போகும். 9, அதாவது கில் சிக்னல், புரோகிராமிடம் போவதே இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் நேரடியாகப் புரொசஸை முடித்துவிடும். அதைப் பிடிக்கவோ புறக்கணிக்கவோ எந்தப் புரோகிராமாலும் முடியாது. இந்த விதிவிலக்கு உள்ள மற்றச் சிக்னல் ஸ்டொப் மட்டும்தான்.

இந்த வித்தியாசம் ஸ்டூடியோவில் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். எஃப்எஃப்எம்பெக் ஒரு எம்பி4 கோப்பை எழுதும்போது, வீடியோவின் எந்தப் பகுதி கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைச் சாதாரணமாகக் கடைசியில்தான் எழுதும். மூவ் அட்டம் என்பார்கள். டேர்ம் அனுப்பினால், அல்லது கண்ட்ரோல் சி அடித்தால், அது அந்த அட்டவணையை எழுதி முடித்துவிட்டு வெளியேறும். இதுவரை ரெண்டரான பகுதி கையில் மிஞ்சும், போட்டுப் பார்க்கலாம். 9 அனுப்பினால் அட்டவணை இல்லாத கோப்புத்தான் மிஞ்சும். பல ஜிபி அளவு இருக்கும், எந்தப் பிளேயரும் திறக்காது, “மூவ் அட்டம் கிடைக்கவில்லை” என்ற செய்திதான் வரும். தாலி கட்டும் காட்சி உள்ளே எங்கேயோ இருக்கும், எடுக்க வழியிராது.

இதே கதைதான் மென்பொருள் நிறுவும் அப்ட் இன்ஸ்டோல் நடுவில் 9 அனுப்பினாலும். பொதி பாதி நிறுவப்பட்ட நிலையில் நின்றுவிடும். பிறகு டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ போட்டுச் சரிக்கட்ட வேண்டும். டேட்டாபேஸ் சேர்வர் என்றால் அடுத்த முறை தொடங்கும்போது மீட்பு வேலை பார்த்துவிட்டுத்தான் எழும்பும்.

ஆகவே வரிசை இப்படி: டேர்ம் அனுப்புங்கள். பத்து, இருபது நொடி பொறுங்கள். பெரிய டேட்டாபேஸ் என்றால் இன்னும் கூட. பிறகு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்:

கில் -0 4821

0 என்பது எந்தச் சிக்னலையும் அனுப்பாது. அப்படியொரு புரொசஸ் இருக்கிறதா, அதற்குச் சிக்னல் அனுப்ப உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும். ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் அது இன்னும் இருக்கிறது. அதன் பிறகும் அசையாவிட்டால், சரி, இப்போது ஒன்பது:

கில் -கில் 4821

எண்ணை விடப் பெயரை எழுதச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில சிக்னல் எண்கள் மெஷினுக்கு மெஷின் மாறும். வழக்கமான இன்டெல், ஏஎம்டி லினக்ஸில் 19 என்றால் ஸ்டொப், 18 என்றால் கொன்ட். மக் மெஷினில் ஸ்டொப் 17, 19 என்றால் கொன்ட். நிறுத்தப் போட்ட கட்டளை அங்கே ஓட விடும். பெயரை எழுதினால் இந்த வில்லங்கம் இல்லை. முழுப் பட்டியலைப் பார்க்க “கில் -எல்”.

“அனுமதி இல்லை” என்று வந்தால், அந்தப் புரொசஸ் உங்களுடையது இல்லை. சாதாரணப் பயனர் தன்னுடைய புரொசஸ்களுக்கு மட்டும்தான் சிக்னல் அனுப்பலாம். மற்றவற்றுக்கு, நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டும் சுடோ வேண்டும். சுடோவைச் சேர்க்க முதல், அது யாருடைய புரொசஸ் என்று யூசர் பத்தியில் ஒருமுறை பாருங்கள். உங்களுடையது என்று நினைத்தது உங்களுடையது இல்லை என்றால், எண்ணையே தவறாக அடித்திருக்கலாம்.

ஒரு புரொசஸ் எப்படி முடிந்தது என்று பின்னால் அறியவும் வழி இருக்கிறது. சிக்னலால் முடிந்த கட்டளையின் வெளியேற்ற எண்ணை ஷெல் (டேர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்), சிக்னல் எண்ணோடு 128 கூட்டிக் காட்டும். 143 என்றால் 128 + 15, டேர்மில் போனது. 137 என்றால் 128 + 9. நீங்கள் யாரும் 9 அனுப்பாமலே 137 கண்டால், மெமரி தீர்ந்து கேர்னலே கொன்றிருக்க வாய்ப்பு அதிகம். டிமெஸ்ஜி அடித்துப் பார்த்தால் அந்தச் சாவின் குறிப்பு இருக்கும். ஆனால் எஃப்எஃப்எம்பெக் போல டேர்மைப் பிடித்துத் தானாக வெளியேறும் புரோகிராம் தனக்குப் பிடித்த எண்ணைக் கொடுக்கும், 143 வராது.

மற்றச் சிக்னல்கள், சுருக்கமாக

இன்ட் என்பது கண்ட்ரோல் சி. குவிட் என்பது கண்ட்ரோலோடு பின்சாய்வுக் கோடு. ஹப் என்பது பழைய மோடம் காலத்தில் தொலைபேசி இணைப்பு அறுந்ததைச் சொல்ல வந்தது. இன்றும் டேர்மினல் ஜன்னலை மூடினால் அல்லது தூரத்து மெஷினோடு வைத்த எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தால் உள்ளே ஓடியவற்றுக்கு ஹப் போய் அவை செத்துவிடும். மழைக்காலத்தில் இணைய இணைப்பு வந்து வந்து போகும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. தூரத்து சேர்வரில் நீண்ட வேலை தொடங்கினால் முன்னால் நோஹப் சேருங்கள், அல்லது இணைப்பு அறுந்தாலும் அமர்வைக் காக்கும் டிமக்ஸுக்குள் தொடங்குங்கள். ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்களா? கண்ட்ரோல் இசட் (நிறுத்தி வைக்க), பிறகு பிஜி (பின்னணியில் ஓட விட), பிறகு டிஸ்ஓன் (டேர்மினலிலிருந்து பிரிக்க).

சேர்வர் புரோகிராம்கள் ஹப்பை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டன. வெப் சேர்வரான என்ஜின்எக்ஸின் தலைமைப் புரொசஸுக்கு ஹப் அனுப்பினால், நிற்காமலே புதிய அமைப்புக் கோப்பை வாசித்துக்கொள்ளும். யூஎஸ்ஆர்1 அனுப்பினால் லொக் கோப்புகளை மீண்டும் திறக்கும். கொப்பி செய்யும் டிடி கட்டளைக்கு யூஎஸ்ஆர்1 அனுப்பினால் இதுவரை எவ்வளவு கொப்பியானது என்று சொல்லும். ஆனால் யூஎஸ்ஆர்1ஐ எதிர்பார்க்காத புரோகிராமுக்கு அதை அனுப்பினால் அது செத்துப்போகும், ஏனென்றால் அதன் இயல்பான விளைவே முடித்துவைப்பதுதான். கைநூலைப் பார்க்காமல் பரிசோதனை செய்யாதீர்கள்.

பெயரைச் சொல்லி அனுப்புவது

பிகில், கில்ஓல் இரண்டும் எண்ணுக்குப் பதில் பெயரை வாங்கும். கில்ஓல் முழுப் பெயரும் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்கும். பிகில் பெயரின் ஒரு துண்டு பொருந்தினாலே போதும் என்று பாய்ந்துவிடும். வசதி அதிகம், ஆபத்தும் அதிகம். நான் வைத்திருக்கும் பழக்கம்: பிகில் அடிக்க முதல் அதே சொற்களோடு பிகிரெப் -ஏ அடித்து, யார் யார் மாட்டுகிறார்கள் என்று பார்ப்பது. பட்டியல் சரியென்றால் மேல் அம்புக்குறியை அழுத்தி, கிரெப்பைக் கில்லாக மாற்றினால் முடிந்தது; -ஏ தேவையில்லை, எடுத்துவிடுங்கள்.

பிகில் -எஃப் முழுக் கட்டளை வரியிலும் தேடும். “கல்யாணம்.எம்பி4” என்று தேடினால் அதை ரெண்டர் செய்யும் புரொசஸ் மட்டும் மாட்டாது, அதே கோப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிளேயரும் மாட்டும். சுடோ பிகில் -எஃப் என்று அடித்தால் அந்தச் சுடோவின் கட்டளை வரியிலேயே நீங்கள் தேடும் சொல் இருக்கிறதே! அதுவும் பட்டியலில் விழும். -எக்ஸ் சேர்த்தால் பெயர் முழுதாகப் பொருந்த வேண்டும், -யூ சேர்த்தால் ஒரு பயனருடையது மட்டும், -என் சேர்த்தால் கடைசியாகத் தொடங்கியது மட்டும்.

பெயர் நீளமாக இருந்து பிகிரெப் கண்டுபிடிக்காவிட்டால் குழம்ப வேண்டாம். கேர்னல் பெயரின் முதல் 15 எழுத்துகளை மட்டும்தான் வைத்திருக்கிறது. அதைவிட நீளமான பெயருக்கு -எஃப் வேண்டும்.

சொலாரிஸ் மெஷின் எதிலாவது உட்கார நேர்ந்தால் கில்ஓல் பக்கமே போகாதீர்கள். அங்கே அது சொன்ன பெயரைக் கொல்லாது; எல்லாவற்றையும் கொல்லும்.

குடும்பத்தோடு அனுப்புவது

பதினைந்து வீடியோவை வரிசையாக மாற்றும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டை நிறுத்தப் பார்க்கிறீர்கள். ஸ்கிரிப்டின் எண்ணுக்கு டேர்ம் அனுப்பினீர்கள். ஸ்கிரிப்ட் போய்விட்டது, எஃப்எஃப்எம்பெக் மட்டும் அநாதையாக ஓடிக்கொண்டே இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக்கை மட்டும் நிறுத்தினாலோ, ஸ்கிரிப்ட் உடனே அடுத்த வீடியோவைத் தொடங்கிவிடும். தீர்வு, குழுவுக்கே அனுப்புவது. பிஜிஐடி பத்தியில் உள்ள எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி:

கில் -டேர்ம் -- -4821

நடுவில் நிற்கும் இரட்டைக் கோடு “இதற்குப் பிறகு வருவது விருப்பங்கள் இல்லை” என்று சொல்லும். இதை அடிக்கும்போது கவனம். எண் இருக்கும் இடத்தில் வெறும் -1 விழுந்துவிட்டால், உங்களுக்கு அனுமதியுள்ள அத்தனை புரொசஸுக்கும் சிக்னல் போகும். ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியாக) இருந்து அப்படி அடித்தால் மெஷினில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது.

கொல்லாமல் உறைய வைப்பது

எனக்கு மிகவும் பிடித்த, ஆட்கள் குறைவாகப் பயன்படுத்தும் கருவி இதுதான். ஆவணி மாதக் கல்யாண சீசன். ஐந்து மணிநேர ரெண்டர் மூன்றாவது மணிநேரத்தில் ஓடுகிறது. அவசரமாக ஒருவர் வந்து பாஸ்போட் சைஸ் படம் கேட்கிறார். ரெண்டரைக் கொல்லவும் முடியாது, ஆளைக் காத்திருக்க வைக்கவும் முடியாது.

கில் -ஸ்டொப் 4821

அந்தக் கணத்தில் உறைந்துவிடும். சிபியூ முழுவதும் உங்களுக்கு. படத்தை எடிட் செய்து அச்சடித்துக் கொடுத்துவிட்டு:

கில் -கொன்ட் 4821

விட்ட இடத்திலிருந்து தொடரும். கீபோட்டில் கண்ட்ரோல் இசட் அடிப்பதும் ஏறக்குறைய இதுவே, ஆனால் அது அனுப்புவது டிஎஸ்டிபி என்ற மென்மையான சிக்னல். புரோகிராம் விரும்பினால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஸ்டொப்பைப் பிடிக்க முடியாது.

உறைந்த புரொசஸ் மெமரியை விட்டுக்கொடுக்காது, கோப்புகளையும் மூடாது. நெட்வொர்க்கில் அப்லோட் செய்துகொண்டிருந்தால் மறுமுனை பொறுமை இழந்து இணைப்பைத் துண்டிக்கலாம். உறைந்திருக்கும்போது டேர்ம் அனுப்பினால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். கடிதம் வாசலில் கிடக்கும், கொன்ட் அனுப்பி எழுப்பினால்தான் வாசிக்கும். “டேர்ம் வேலை செய்யவில்லை” என்று 9க்குப் போக முதல் ஸ்டாட்டில் டைகர் டி இருக்கிறதா என்று பாருங்கள்.

கொன்றாலும் சாகாதவை

ஸ்டாட்டில் இசட் நின்றால், அந்தப் புரொசஸ் ஏற்கெனவே இறந்துவிட்டது. மெமரி, கோப்பு எதையும் பிடித்திருக்கவில்லை. ஆள் போய்விட்டார், மரணத்தைப் பதிய வேண்டிய உறவினர்தான் இன்னும் கச்சேரிக்கு வரவில்லை என்ற நிலை. இறந்தவருக்கு எத்தனை ஒன்பது அனுப்பினாலும் ஒன்றும் ஆகாது. தாய் புரொசஸைப் பிபிஐடியில் கண்டுபிடியுங்கள். அதை ஒழுங்காக மறுதொடக்கம் செய்தால் பிள்ளையின் பதிவை முதல் புரொசஸ் பொறுப்பெடுத்துத் துடைத்துவிடும். ஒன்றிரண்டு ஸோம்பி கிடந்தால் விட்டுவிடலாம். நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் தாய் புரோகிராமில் பிழை.

டோக் டி தொந்தரவு வேறு வகை. யூஎஸ்பி ஹாட் டிஸ்கை முறையாகக் கழற்றாமல் இழுத்துவிட்டார்கள், அல்லது கரண்ட் போய் மூலையில் உள்ள ஸ்டோரேஜ் பெட்டி நின்றுவிட்டது. கொப்பி செய்துகொண்டிருந்த புரொசஸ் கேர்னலுக்குள் பதிலுக்காகக் காத்திருக்கும். சிக்னல் போய்ச் சேரும், ஆனால் அந்தக் காத்திருப்பு முடியும்வரை அதைக் கவனிக்க ஆளில்லை. 2008இல் வந்த 2.6.25 கேர்னலிலிருந்து இத்தகைய காத்திருப்புகளில் சிலவற்றை மட்டும் கில் சிக்னலால் முறிக்க முடிகிறது; மற்றவை அப்படியே. செய்ய வேண்டியது புரொசஸோடு மல்லுக்கட்டுவது இல்லை, டிஸ்கையோ பெட்டியையோ மீண்டும் இயங்க வைப்பது. அதுவும் முடியாவிட்டால் ரீபூட்.

நைஸ்: முன்னுரிமையின் கணக்கு

நைஸ் மதிப்பு -20 முதல் 19 வரை. எண் கூடக் கூட முன்னுரிமை குறையும். 19 எல்லாருக்கும் வழிவிடும் புரொசஸ், -20 எல்லாரையும் முந்தும். இயல்பாக 0. சாதாரணப் பயனர் எண்ணைக் கூட்டலாம், குறைக்க முடியாது. தன்னுடைய புரொசஸை 10க்குத் தள்ளிவிட்டு மீண்டும் 0க்குக் கொண்டுவரக்கூட வழக்கமாகச் சுடோ வேண்டும். ஆகவே யோசித்துத் தள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்கும்போது:

நைஸ் -என் 15 எஃப்எஃப்எம்பெக் ...

-என் இல்லாமல் வெறும் நைஸ் என்றால் 10. ஓடிக்கொண்டிருப்பதற்கு:

ரீநைஸ் -என் 15 -பி 4821

நைஸ் கட்டளையில் வரும் எண் இருப்பதோடு கூட்டப்படும். லினக்ஸ் ரீநைஸில் வரும் எண் அப்படியே புதிய மதிப்பாக வைக்கப்படும். டொப்புக்குள் இருந்தபடி சிறிய எழுத்து ஆர் அடித்தும் இதைச் செய்யலாம், கே அடித்தால் சிக்னல். எச்டொப்பில் எஃப்8 நைஸைக் கூட்டும், எஃப்7 குறைக்கும், எஃப்9 சிக்னல் பட்டியல்.

இந்த எண்கள் எவ்வளவு வித்தியாசம் செய்யும்? கேர்னல் ஒவ்வொரு நைஸ் மதிப்புக்கும் ஒரு எடை வைத்திருக்கிறது. 0க்கு 1024. ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ 1.25 மடங்கு வித்தியாசம்: 5க்கு 335, 10க்கு 110, 19க்கு 15. ஒரே கோரில் இரண்டு புரொசஸ் சிபியூவுக்கு அடிபட்டால், எடை விகிதப்படி பங்கு. 0க்கும் 5க்கும் போட்டி என்றால் சுமார் 75க்கு 25. 0க்கும் 10க்கும் என்றால் 90க்கு 10. 19 என்றால் அதற்குக் கிடைப்பது ஒன்றரைச் சதவீதம் மட்டும். 2007இல் வந்த 2.6.23 கேர்னலின் சிஎஃப்எஸ் (சிபியூவைப் பங்கிடும் முறை) காலத்து அட்டவணை இது, 2023இல் 6.6 கேர்னலில் இஇவிடிஎஃப் அந்த இடத்தைப் பிடித்த பிறகும் எடைகள் மாறவில்லை.

அடிபட்டால் என்று சொன்னதைக் கவனியுங்கள். வேறு யாரும் சிபியூ கேட்காவிட்டால் நைஸ் 19 புரொசஸும் முழு வேகத்தில் ஓடும். அதனால்தான் இரவு ரெண்டரை எப்போதும் 15இலோ 19இலோ தொடங்கலாம்; ஆளில்லாத நேரத்தில் நட்டமில்லை. ரெண்டரை -20க்கு ஏற்றினால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். போட்டியே இல்லாத மெஷினில் அது ஒரு நொடியும் மிச்சம் பிடிக்காது. போட்டி இருந்தால் மவுஸ்கூட இழுபடும்.

ரீநைஸ் செய்தும் மாற்றம் இல்லையா?

இங்கேதான் பலர் கைவிட்டுவிட்டுக் கில்லுக்குத் திரும்புகிறார்கள். காரணங்கள் மூன்று.

முதலாவது திரெட், அதாவது ஒரே புரொசஸுக்குள் பிரிந்து ஓடும் வேலை இழைகள். லினக்ஸில் நைஸ் மதிப்பு ஒவ்வொரு திரெட்டுக்கும் தனி. ஓடிக்கொண்டிருக்கும் எஃப்எஃப்எம்பெக்கின் பிஐடிக்கு ரீநைஸ் அடித்தால் தலைமைத் திரெட் மட்டும் மாறும்; ஏற்கெனவே பிறந்து உண்மையில் உழைத்துக்கொண்டிருக்கும் மற்றத் திரெட்கள் 0இலேயே இருக்கும். எல்லாவற்றையும் மாற்ற:

ரீநைஸ் -என் 15 -பி $(எல்எஸ் /ப்ரொக்/4821/டாஸ்க்)

அந்த டாஸ்க் கோப்புறையில் அத்தனை திரெட்களின் எண்ணும் இருக்கும். தொடங்கும்போதே நைஸ் சேர்த்திருந்தால் இந்தத் தலையிடி இல்லை. பிறக்கும் திரெட்கள் எல்லாம் அந்த மதிப்போடே பிறக்கும்.

இரண்டாவது ஓட்டோகுரூப். 2011இல் வந்த 2.6.38 கேர்னலிலிருந்து இருக்கிறது. பல டிஸ்ட்ரோக்களில் இயல்பாகவே இயங்குகிறது. ஒவ்வொரு டேர்மினல் அமர்வும் ஒரு குழுவாகி, சிபியூ முதலில் குழுக்களுக்கிடையே பங்கிடப்படும். நைஸ் மதிப்பு குழுவுக்குள் மட்டும் செல்லும். ஒரு டேர்மினலில் நைஸ் 19இல் ஒன்று, இன்னொரு டேர்மினலில் 0இல் ஒன்று. இரண்டும் சமமாகப் பங்கு போடும்! பழகும்போது இரண்டு “யெஸ்” ஓட்டிப் பார்ப்பவர்கள் இதில்தான் திகைப்பார்கள். ஒன்றை 0இலும் மற்றதை 10இலும் ஒரே டேர்மினலில் தொடங்கி, டாஸ்க்செட் -சி 0 மூலம் ஒரே கோருக்குக் கட்டிவிட்டுப் பார்த்தால் 90க்கு 10 அழகாகத் தெரியும். குழுவின் நைஸையே மாற்ற வேண்டுமென்றால் /ப்ரொக்/4821/ஓட்டோகுரூப் என்ற கோப்புக்குள் எண்ணை எழுதலாம்:

எக்கோ 15 > /ப்ரொக்/4821/ஓட்டோகுரூப்

மூன்றாவது, பிரச்சினை சிபியூவே இல்லை. டிஸ்க்.

டிஸ்க் வரிசைக்கு ஐஓநைஸ்

டைவிங் சீசனில் ஒரு நாள் வீடியோவை வெளி ஹாட் டிஸ்குக்கு ஆர்சிங்க் மூலம் கொப்பி பண்ணும்போது சிபியூ பத்துச் சதவீதம்கூட இராது, ஆனால் மெஷின் நகராது. டொப்பின் மேல்வரியில் டபிள்யூஏ என்ற எண் ஏறி நின்றால் டிஸ்க்குக்காகக் காத்திருப்பு என்று பொருள். நைஸ் இங்கே பெரிதாக உதவாது.

ஐஓநைஸ் -சி 3 -பி 4821

3 என்பது வேறு யாரும் டிஸ்கைக் கேட்காத நேரத்தில் மட்டும் ஓடும் வகுப்பு. 2 சாதாரண வகுப்பு; அதற்குள் -என் 0 முதல் 7 வரை, 7 கடைசி. 1 ரியல்டைம், ரூட் வேண்டும்; அதைத் தொடாமல் விடுங்கள். ஐஓநைஸின் முழுப் பலன், டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலர் அதை மதித்தால்தான். /சிஸ்/பிளொக்/எஸ்டிஏ/கியூ/ஷெட்யூலர் கோப்பைக் கேட் கட்டளையால் காட்டிப் பாருங்கள்; சதுர அடைப்புக்குள் நிற்பதுதான் இப்போது நடப்பில் இருப்பது. கியூ என்பது அந்த ஆங்கிலச் சொல்லின் முழு எழுத்துக்கூட்டல். பிஎஃப்கியூ என்று இருந்தால் நல்லது, “நன்” என்று இருந்தால் ஐஓநைஸ் வெறும் சடங்கு. அப்போது ஆர்சிங்கிலேயே --பிடபிள்யூலிமிட் போட்டு வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

நேரக்கெடு வைத்துத் தொடங்குவது

எந்த நேரமும் தொங்கக்கூடிய கட்டளை என்று முன்கூட்டியே தெரிந்தால்:

டைம்அவுட் -கே 30எஸ் 2எச் கட்டளை

இரண்டு மணிநேரத்தில் டேர்ம், அதற்கு 30 நொடி கழித்தும் போகாவிட்டால் கில். நேரம் முடிந்து டேர்மில் போனால் வெளியேற்ற எண் 124. குறித்த நேரத்துக்குத் தானாகக் கிரோனில் ஓடும் பாக்கப் வேலைகளுக்கு இது அருமை.

சேர்விஸ் என்றால் வேறு வழி

கொன்ற புரொசஸ் அடுத்த நொடியே புதிய எண்ணோடு எழும்பி நின்றால், அது சிஸ்டம்டி என்ற மேலாளர் தொடங்கிப் பார்த்துக்கொள்ளும் சேர்விஸ், அதாவது பின்னணியில் ஓடும் புரோகிராம். தனித்தனியாகத் துரத்தாதீர்கள்.

சிஸ்டம்சிடிஎல் ஸ்டொப் பெயர்

இது முதலில் டேர்ம் அனுப்பி, இயல்பாக 90 நொடி வரை பொறுத்து, பிறகு கில் அனுப்பும். மேலே சொன்ன அதே ஒழுங்கு, தானாக. நிறுத்தாமல் ஒரு சிக்னல் மட்டும் அனுப்ப “சிஸ்டம்சிடிஎல் கில் -எஸ் ஹப் பெயர்”. ஆனால் அது இயல்பாக அந்தச் சேர்விஸின் எல்லாப் புரொசஸுக்கும் போகும். தலைமைப் புரொசஸுக்கு மட்டும் வேண்டுமென்றால் எண்ணைப் பார்த்து வழக்கமான கில்லே நல்லது.

முன்னுரிமையை நிரந்தரமாக வைக்க, ஒவ்வொரு முறையும் ரீநைஸ் அடிக்கத் தேவையில்லை. “சிஸ்டம்சிடிஎல் எடிட் பெயர்” என்று திறந்து, [சேர்விஸ்] என்ற தலைப்பின் கீழ் நைஸ்=10 என்று ஒரு வரி (இரண்டிலும் முதல் எழுத்துப் பெரிது). உறுதியான உச்சவரம்பு வேண்டுமென்றால் சிபியூகோட்டா=50%; அது ஒரு கோரின் பாதி, நான்கு கோர் மெஷினில் மொத்தத்தின் எட்டில் ஒரு பங்கு. நைஸ் போலன்றி, மெஷின் சும்மா கிடந்தாலும் கோட்டா அதற்கு மேல் விடாது. ரெண்டருக்கு அதை வைத்தால் இரவு முழுக்க மெஷின் பாதித் தூக்கத்தில் கிடக்கும். ஓடும் சேர்விஸுக்கு ரீஸ்டார்ட் இல்லாமலே மாற்ற:

சிஸ்டம்சிடிஎல் செட்-ப்ரொபர்ட்டி --ரன்டைம் பெயர் சிபியூவெயிட்=20

வெயிட் இயல்பாக 100. 20 என்றால் போட்டி வரும்போது ஐந்தில் ஒரு பங்கு எடை. --ரன்டைம் இருப்பதால் அடுத்த ரீபூட்டோடு மறைந்துவிடும். சிபியூவெயிட், சிபியூகோட்டா இரண்டிலும் முதல் மூன்று எழுத்தும் அடுத்த சொல்லின் தலையெழுத்தும் பெரிய எழுத்து, மற்றவை சிறியவை. எடிட்டில் எழுதிய நைஸ் வரி மட்டும் சேர்விஸை மறுதொடக்கம் செய்த பிறகே நடப்புக்கு வரும்.